கூழுக்குப் பத்துப் பேர் வேணும்!

'கூழ்' என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஆடி மாசம், மாரியம்மன் கோயில், ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி, தூக்குவாளியோடு நிற்கிற வரிசை, கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள ரெண்டு சின்ன வெங்காயம்... அதானே?

இதே வார்த்தையை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கண்ணில் நண்டு தெரியும்!

நண்டு மட்டுமா? இறால், கணவாய், மீன் தலை, மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, காராமணிக்காய், முருங்கைக் கீரை. இத்தனையும் ஒரே பானையில் கொதித்து, புளிப்பும் காரமுமாகப் பனங்கிழங்கு மாவில் திரண்டு வருகிற ஒரு சூப். பெயர் ஒடியல் கூழ். சூப் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் நம்ம ஆட்களுக்குப் புரியவைக்க வேறு வார்த்தை இல்லை. ஸ்பூனால் உறிஞ்சிவிட்டு மெயின் அயிட்டத்துக்குக் காத்திருக்கிற சமாசாரம் இல்லை இது. இதுதான் மெயின் அயிட்டம். இதற்கு முன்னும் ஒன்றும் கிடையாது, பின்னும் ஒன்றும் கிடையாது, தூக்கத்தைத் தவிர!

(ஆடிக்கூழ் அவர்களிடமும் உண்டு. அது அரிசி மாவு, பயறு, தேங்காய்ப் பால், பனங்கட்டி போட்ட இனிப்புக் கூழ். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப் பிறப்பைப் பற்றி எழுதிய பாட்டு அங்கே சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கூழ் வேறு, இந்தக் கூழ் வேறு. குழப்பிக்கொண்டால் வீட்டுக்குள்ளே விட மாட்டார்கள்.)

சரி, பனங்கிழங்குக்கு வருவோம்.

நமக்குப் பனங்கிழங்கு தெரியாததில்லை. பொங்கல் சமயத்தில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைப்போம். உரித்து, நடுவில் இருக்கிற ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டுத் தின்போம். பல்லிடுக்கில் மாட்டிய நாரை நாள் முழுக்கத் தேடுவோம். காணும் பொங்கலோடு கதை முடிந்தது. அடுத்த தை வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் அங்கேதான் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தின்றது போக மிச்சத்தை வெயிலில் காயப் போட்டு, வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிற 'டெபாசிட்' ஆக்கிவிட்டார்கள்.

கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, அது உருளைக்கிழங்கு மாதிரியோ கேரட் மாதிரியோ ஒன்றில்லை. பனங்கொட்டை முளைக்கிற விதமே தனி. மற்ற விதைகள் முளைவிட்டதும் மேலே தலை நீட்டும். பனை, முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் குழந்தை மரத்தைப் பத்திரமாக ஆழத்தில் கொண்டுபோய் வைக்கும். அங்கே அந்தக் கன்று தன் முதல் இலையைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கிற மாவுச்சத்து மூட்டைதான் நாம் தின்கிற கிழங்கு. வறட்சியில் பிழைப்பதற்காக அது கட்டிவைத்த சோற்று மூட்டையை நாம் தோண்டி எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து கிழங்குள்ள ஒரு கட்டு, இருபத்தைந்து பனை மரம்! அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு தின்ன வேண்டாம். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, ஒரு பெண் பனையில் வருஷத்துக்கு எத்தனையோ பழம். கிழங்கு தின்று பனை அழிந்ததாகச் சரித்திரம் இல்லை. பனை அழிந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பனம்பழம் விழுகிற காலத்தில் கொட்டைகளைச் சேர்த்து, மண்ணை மேடாகக் குவித்துப் பாத்தி கட்டி, அதன்மேல் நெருக்கமாக அடுக்கிவிடுவார்கள். மேடாகக் குவிப்பது எதற்கு? கன்று இறங்க இளகிய மண் வேண்டும், நமக்குத் தோண்டச் சிரமம் இருக்கக் கூடாது. மழைக்காலம் முழுக்க அது தன் வேலையைப் பார்க்கும். மூன்று நான்கு மாசத்தில், தையை ஒட்டிப் பாத்தியை வெட்டினால் கிழங்கு தயார். கூடவே இன்னொரு லாபம். மேலே கிடக்கிற பழைய கொட்டையை வெட்டினால், உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, தித்திப்பாக ஒன்று இருக்கும். நம் தெக்கத்திப் பக்கம் 'தவுன்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் பூரான். "பூரான் தின்னுறியளோ?" என்று யாராவது அன்போடு கேட்டால் அலறி ஓட வேண்டாம்!

பச்சைக் கிழங்கைத் தோல் உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயவைத்தால் அது ஒடியல். மளுக்கென்று ஒடிகிற பதம் வரவேண்டும். அவித்துவிட்டுக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுங்கல் அரிசி என்று சொல்கிறோமே, அந்தப் புழுங்கல்தான். புழுக்கொடியலை அப்படியே தேங்காய்த் துண்டோடு கடித்துத் தின்னலாம், பல்லுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால். பச்சை ஒடியலை அப்படித் தின்னக் கூடாது. அதை இடித்து மாவாக்கிப் பிட்டு அவிப்பார்கள், அல்லது கூழ் காய்ச்சுவார்கள். யாழ்ப்பாணத்தில் கூழைச் 'செய்வது' கிடையாது, காய்ச்சுவதுதான்.

சென்னையில் வளசரவாக்கம், போரூர் பக்கம் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதில் ஒரு வீடு. அந்த அக்கா 1990-ல் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேச்சில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தி, "பாட்டி, செம!" என்கிறாள். அவர், "என்ன பிள்ளை சொல்லுறாய், விளங்கேல்லை" என்கிறார். இரண்டும் தமிழ்தான்.

அக்கா கடையில் ஒடியல் மாவு வாங்குவதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கோயம்பேட்டிலிருந்து பச்சைக் கிழங்காகப் பார்த்து எடுத்துவரச் சொல்லி (தெருவில் விற்பது பாதிக்குமேல் அவித்தது, அது ஆகாது), உரித்துக் கிழித்து மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப்போடுகிறார். ஒரு வாரத்துக்குமேல் ஆகும். பனி விழுகிற ராத்திரியில் உள்ளே எடுத்து, காலையில் மறுபடி விரிக்க வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சை. முதல் வருஷம் அந்த அப்பார்ட்மென்ட் செயலாளர் மாடிக்கு வந்து, "என்னம்மா இது, ஏதோ வேரெல்லாம் காயுது, நாட்டு மருந்து பிசினஸா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாசம் அவருக்கு ஒரு டம்ளர் கூழ் போயிற்று. இப்போது பாய் விரிக்க இடம் பிடித்துக் கொடுப்பதே அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுகிறார்கள் என்று தகவல் வந்தது. போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டே பேர்தானோ வந்தனீங்கள்?" என்றார் அக்கா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "கூழெண்டா பத்துப் பேர் வேணும் தம்பி. ரெண்டு பேருக்குக் காய்ச்சேலாது."

"ஏன்க்கா, அளவைக் குறைச்சாப் போச்சு."

"எதைக் குறைக்கிறது? ஒரு நண்டைப் பாதியா வெட்டுறதோ? ஒரு மீன் தலையில அரைவாசியோ? ஒவ்வொண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாலே பானை நிறைஞ்சிடும். பிறகு ஆக்களைத் தேடத்தானே வேணும்?"

வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

பத்துப் பேருக்கு அக்கா எடுத்துக்கொண்ட ஒடியல் மாவு கால் கிலோ. அவ்வளவுதான். ஐந்து லிட்டர் பிடிக்கிற கூழைத் திரட்ட அது போதும். காலையில் முதல் வேலை, மாவை அகலப் பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி வைப்பது. அரை மணிக்கு மேல் ஆனதும் மாவு அடியில் படிந்து, மேலே மங்கலாகத் தண்ணீர் நிற்கும். அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர். மறுபடி கொட்டல். இதை ஒருநாளும் சுருக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். காரணம், கைப்பு. நம்ம பாஷையில் கசப்பு. கழுவாத மாவில் காய்ச்சினால் முதல் வாயிலேயே நாக்கின் அடியில் கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்; எத்தனை நண்டு போட்டும் பிரயோஜனமில்லை.

கசப்பு மட்டுமில்லை. பச்சை ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், அதில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சமாசாரம் இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அந்த எலிகளுக்கெல்லாம் முன்னாலேயே அந்த ஊர் அடுப்படியில் இருக்கிறது. அதனால் 'ஆர்கானிக், அப்படியே தண்ணியில கலக்கிக் குடிங்க' என்று யாராவது ஒடியல் மாவை உங்களிடம் சிபாரிசு செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பானை. முன்னே முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தார்களாம். இங்கே மாடியில் கேஸ் அடுப்பு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், உப்பு, ஒரு கைப்பிடி அரிசி. அது கொதிக்கையில் பலாக்கொட்டை (மேல் தோல் உரித்து இரண்டாகப் பிளந்தது), துண்டு துண்டாக மரவள்ளிக் கிழங்கு, விரல் நீளத்துக்கு ஒடித்த பயற்றங்காய். பயற்றங்காய் என்றால் நம்ம காராமணிக்காய். பலாக்கொட்டை கிடைக்காத மாசங்களுக்காக அக்கா அதை மணலில் புதைத்துச் சேமித்து வைத்திருக்கிறார்! மூடி போடாமல் வேகவிடுகிறார். மரவள்ளி வேகிற பாத்திரத்தில் இஞ்சி சேரக் கூடாது என்பது இலங்கை முழுக்க இருக்கிற நம்பிக்கை. பேச்சுவாக்கில் நான் "இஞ்சி?" என்று இழுத்ததுதான் தாமதம், என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

பாதி வெந்ததும் நண்டு இறங்கும். ஓடு கழற்றிக் கழுவி, கால்களை லேசாகத் தட்டி வைத்திருப்பார்கள். அப்போதுதான் நண்டின் சாறு வெளியே வரும், கூழ் உள்ளே போகும். பிறகு மீன். பெரிய முள்ளாகப் பார்த்து எடுக்க வேண்டும். பொடி முள் மீன் போட்டால் கூழ் குடிக்கிறவர் தொண்டை பணயம். பாரை, திருக்கை சரி. தலை கட்டாயம். இறாலும் கணவாயும் கடைசியில், ஏனென்றால் அவை சீக்கிரம் ரப்பராகிவிடும். நாலைந்து நெத்தலிக் கருவாடு, வாசனைக்கு. காசிமேட்டிலிருந்து காலையில் வந்த சரக்கு எல்லாமே.

செத்தல் மிளகாய் பதினைந்து, வெந்நீரில் ஊறவைத்து மஞ்சளோடு அரைத்த விழுது. 'செத்தல்' என்றதும் பதற வேண்டாம், காய்ந்த மிளகாய்தான். உள்ளியும் (பூண்டு) மிளகும் சேர்ப்பவர்கள் உண்டு. அக்கா அந்தக் கட்சி இல்லை. மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது. முக்கியமாக, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. தாளிப்பும் இல்லை! கடுகு வெடிக்காமல் ஒரு சமையல் முடிவதை நம் வீட்டுப் பெண்மணிகளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து ஃபிளாட்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த மாமி (சைவம்தான், மூக்கை மூடிக்கொண்டு காய்கறி மட்டும் நறுக்கிக் கொடுத்தார்), "ஒரே ஒரு கரண்டி கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டிடவா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அனுமதி மறுக்கப்பட்டது.

ருசி பார்த்துவிட்டு அக்கா, "உப்புக் காணும்" என்றார்.

போட்டோகிராபர் பரபரப்பாகத் தேடி, "இதோ இங்கதாம்மா இருக்கு" என்று உப்பு டப்பாவை நீட்டினார். யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம்!

கடைசிக் கட்டம்தான் கைப்பக்குவம். கழுவி வைத்த மாவில் புளிக்கரைசலைச் சேர்த்துத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைக்கிறார். அடுப்பைத் தணித்து, ஒரு கையால் கரைசலை நூல் மாதிரி விட்டுக்கொண்டே, மறு கையால் அகப்பையால் துழாவுகிறார். நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கட்டி. கட்டி விழுந்துவிட்டால் உடைப்பதற்குள் மீன் உடைந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் அதுவரை ரசம் மாதிரி அலைந்துகொண்டிருந்தது மெல்ல கனக்கிறது. பளபளப்பு வருகிறது. குமிழ்கள் 'களக் புளக்' என்று சோம்பேறித்தனமாக வெடிக்கின்றன. ஒரு பிடி முருங்கைக் கீரை. இன்னும் பத்து நிமிஷம் கொதி. அகப்பையின் முதுகில் பூசினால் போர்வை மாதிரி நிற்க வேண்டும். வழிந்தோடவும் கூடாது, களி மாதிரி உட்காரவும் கூடாது.

"இறக்குங்கோ. எல்லாரும் இருங்கோ."

கூழ் காத்திருக்காது. ஆறினால் மாவுச்சத்து இறுகி, கூழ் 'ஜெல்லி' ஆகிவிடும். அதனால் கூழ் இறங்கும்போது ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் வர்றேன்' என்கிற ஆளுக்குக் கூழ் சரிப்படாது. டைனிங் டேபிளும் சரிப்படாது. பானையை நடுவில் வைத்து வட்டமாகத் தரையில்தான்.

ஊரில் இதைப் பிளாவில் குடிப்பார்கள். பனையின் இளம் ஓலையை மடித்துக் கோலிக் கட்டின குடுவை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் பதநீர் குடிக்கிற 'பட்டை'யைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அதன் ஒன்றுவிட்ட தம்பி. கொதிக்கிற கூழ் பட்டதும் ஓலையிலிருந்து ஒரு பச்சை வாசனை கிளம்பி அதில் கலக்குமாம். பனையின் கிழங்கைப் பனையின் ஓலையில் ஊற்றிக் குடிப்பது! வளசரவாக்கத்தில் ஓலைக்கு எங்கே போவது? சிலருக்குச் சிரட்டை (கொட்டாங்குச்சி), மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் கையைச் சுட்டது. சிரட்டை சுடவில்லை. அடுத்த தடவை போனால் சிரட்டைதான் கேட்பேன்.

குடிக்கிற விதம்: ஊதி ஊதி ஒரு வாய் கூழ். அப்புறம் ஒரு கடி தேங்காய்ச் சொட்டு. சொட்டு என்றால் தேங்காய்ச் சில்லு. புளியும் காரமும் மண்டைக்கு ஏறும்போது தேங்காயின் இனிப்பு கீழே இறக்கிவிடும். நாலாவது வாயில் நெற்றி வேர்க்கிறது. ஆறாவது வாயில் மூக்கு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நண்டுக் கால் கடிபடுகிற சத்தம் மட்டும். அடியில் மரவள்ளித் துண்டும் பலாக்கொட்டையும் கூழில் ஊறிக் கிடக்கின்றன. அவற்றைக் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கண்ணியம் பார்க்கிறவர்கள் பட்டினி.

ருசி எப்படி? நம்ம மீன் குழம்பை நினைத்துக்கொண்டு குடித்தால் தோற்றுப் போவீர்கள். முதலில் புளிப்பு, பின்னால் காரம், எல்லாவற்றுக்கும் கீழே புகை மாதிரி, மண் மாதிரி ஒரு வாசனை. அது மீனுடையதில்லை, பனையுடையது. அந்த வாசனை வேறு எந்த மாவிலும் வராது. சோள மாவு போட்டுத் திரட்டி, கோப்பையில் ஊற்றி, மேலே கொத்துமல்லித் தழை தூவி 'ஜாஃப்னா சீஃபுட் சூப்' என்று ஒரு ஹோட்டலில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கூழ் இல்லை.

(சைவக்காரர்கள் மனம் தளர வேண்டாம். மரக்கறிக் கூழும் உண்டு. மரக்கறி என்றால் காய்கறி. அதே மாவு, அதே புளி மிளகாய், கிழங்கையும் பலாக்கொட்டையையும் கீரையையும் கூட்டிப் போட வேண்டியது. மாமிக்குத் தனிச் சட்டியில் அதுதான் காய்ச்சினார்கள். தாளிக்காமலேயே ரெண்டு டம்ளர் குடித்தார்.)

குடித்து முடித்துச் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அக்கா பேச ஆரம்பித்தார். ஊரில் அவர் வீட்டு வளவில் இருபதுக்கு மேல் பனை. மாதத்துக்கு ஒரு கூழ் கட்டாயம். பெரும்பாலும் சனி, ஞாயிறு பின்னேரம். யார் வீட்டில் கூழ் என்று சொல்லி அனுப்ப வேண்டியதில்லையாம், வாசனைக்கே ஆட்கள் வருவார்கள். மீன் ஒருவர் கொண்டுவருவார், மரவள்ளி ஒருவர் தோட்டத்திலிருந்து வரும், பிளாக் கட்டுவது பையன்கள் வேலை. வீட்டுக்காரர் செலவு என்று பார்த்தால் மாவும் விறகும்தான்.

1983-ல் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த யுத்தத்தில் அங்கே மனிதர்களைப் போலவே பனைகளும் விழுந்தன. பதுங்கு குழிக்குப் பனங்குற்றிதான் கூரை. அதைப்போல ஷெல்லடி தாங்குகிற மரம் வேறில்லை என்று எல்லாத் தரப்பும் வெட்டியது. அக்காவின் வளவில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனதாம். ஒரு பனை காய்க்கத் தொடங்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷமாவது வேண்டும். அதுவரைக்கும் அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. வெட்டுவதற்கு ஒரு மத்தியானம்!

1990-களில் வடக்குக்குப் பொருள்கள் போகத் தடை இருந்தபோது, மிஞ்சிய பனைகள்தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தன. சீனிக்குப் பதில் பனங்கட்டி, அரிசி மாவுக்குப் பதில் ஒடியல் மாவு. "அப்பவும் கூழ் காய்ச்சினவையாம். நண்டும் இல்லை, இறாலும் இல்லை. மாவும் மரவள்ளியும் முருங்கையிலையும். தங்கச்சி கடிதத்தில எழுதினவள்." அக்கா அதைச் சொன்ன விதத்தில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. ரெசிப்பியின் இன்னொரு வகையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நம் பக்கம் யுத்தமில்லாமலேயே பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பினோம். 1978-லேயே மாநில மரம் என்று பட்டம் கொடுத்தாயிற்று, வெட்டுவதும் நடந்துகொண்டே இருந்தது. 2021-ல்தான் தமிழக அரசு, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. அதே 1978-ல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்று அமைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கைதடியில் பனைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு. பொட்டலத்தில் அடைத்த ஒடியல் மாவு இன்று டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது.

ஆக, மாவுக்குப் பஞ்சமில்லை. அக்காவுக்கு நாலு பிள்ளைகள். ஒருவர்தான் கூட இருக்கிறார். ஒரு மகள் பாரிஸ், ஒரு மகன் ஜெர்மனி, கடைசி மகன் டொரன்டோவுக்குப் பக்கத்தில். வளசரவாக்கத்து மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த பதின்மூன்று பேரில் அக்காவின் சொந்தம் நாலே நாலு. மற்றதெல்லாம் அப்பார்ட்மென்ட் செயலாளர், மாமி, இஸ்திரி போடுகிறவர் குடும்பம், நாங்கள் ரெண்டு பேர்...

பேசிக்கொண்டிருக்கும்போதே டொரன்டோ மகன் செல்போனில் வீடியோவில் வந்தார். அங்கே ராத்திரி போலிருக்கிறது, முகத்தில் தூக்கக் கலக்கம். கடையில் மாவும் ஐஸ் நண்டும் வாங்கி வைத்திருக்கிறாராம். மனைவிக்கும் அவருக்குமாகக் காய்ச்சிப் பார்க்கப் போகிறாராம்.

"அம்மா, ரெண்டு பேருக்கு எவ்வளவு மா போடுறது?"

அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.

"பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?"

"பஞ்சாபி ஆக்கள் அம்மா. அஞ்சாறு பேர். நல்ல சனம்."

"அப்ப கால் கிலோ போடு. மூண்டு தரம் தண்ணியை ஊத்திப்போடு, மறந்திடாதை. மிளகாயைக் குறைக்காதை, அவை உறைப்புத் தின்னுவினம்" என்றவர், போனை மாமியிடம் கொடுத்துவிட்டு, அடிப் பானையில் இருந்ததைச் சுரண்டி எனக்கு இன்னொரு சிரட்டை ஊற்றினார். "காணும்க்கா" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.